சேப்பங்கிழங்கில் விதை பொறுக்கும் முறை

பெருத்த கிழங்கெல்லாம் குழம்புக்குப் போக, மிஞ்சிய பொடிக் கிழங்கை விதைக்கு ஒதுக்குவது சென்னையில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பலர் செய்யும் தவறு. முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அதையே செய்தேன். சேம்பு அரிதாகவே பூக்கும். கிழங்கை நட்டே பெருக்குவதால் தாய்ச் செடியின் குணம் குட்டிக் கிழங்கில் அப்படியே இறங்குகிறது. வைரஸ் நோய் இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். ஆகவேதான் விவசாயிகள் கிழங்கைத் தொடுவதற்கு முன்பு, நிற்கும் செடியைப் பார்க்கிறார்கள்.

ஆடியில் நட்டிருந்தால் ஐப்பசி மழைதான் பரீட்சை. இலையில் நீர் கோத்தாற்போல் சிறு வட்டங்கள் தோன்றி, பழுப்பாகிப் பரவினால் அது இலைக்கருகல். பக்கத்துச் செடிகள் கருகும்போதும் தாக்குப்பிடிக்கும் செடியின் அருகில் ஒரு குச்சியை ஊன்றி அடையாளம் வையுங்கள். அறுவடைக்குள் இலைகள் காய்ந்துவிடும் என்பதால் காம்பில் நூல் கட்டிப் பயனில்லை. வைரஸ் நோயின் அறிகுறியாக இலையில் இறகு போன்ற வெளிர்கோடுகள் தெரியும் செடியை, எவ்வளவு செழித்திருந்தாலும், விதைக்கு எடுக்க வேண்டாம். காம்பு பச்சையா ஊதாவா என்பது ரகங்களைப் பிரித்தறிய உதவும். ருசியை அது சொல்லாது.

தை மாதத்தில் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்ததும், குச்சி ஊன்றிய செடிகளைத் தனியாகத் தோண்டி, ஒவ்வொன்றின் கிழங்கையும் தனித்தனியே வையுங்கள். செடிக்கு ஒரு குட்டிக் கிழங்கைப் புளி சேர்க்காமல் நன்றாக வேகவைத்து, தோலுரித்து, சிறிது வாயில் போட்டுப் பாருங்கள். கிழங்கிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் நுண்ணிய ஊசி போன்ற படிகங்களால் வரும் நமைச்சலைப் புளி மறைத்துவிடும். நாக்கு நமைக்காமல், விரலால் நசுக்கினால் மாவாகும் கிழங்கைத் தந்த செடியே விதைச் செடி. அதிலிருந்து 25 முதல் 35 கிராம் வரை எடையுள்ள, நுனி மொட்டு கெடாத குட்டிகளைப் பொறுக்கிக் கழுவாமல் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலில் பரப்பி வையுங்கள்.

சித்திரை வெயிலில் சில குட்டிகள் சுருங்கும், சில முளைவிடும். முளைத்தவற்றை ஈரமணல் தொட்டிக்கு மாற்றி, ஆடியில் பைக்கு ஒன்றாக நடலாம். தரையில் என்றால் 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. கோயம்பேட்டில் வாங்கும் கிழங்கிலும் தொடங்கலாம். ஆனால் ஒரே குவியலில் பல ரகங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால் முதல் பருவம் முழுவதும் பிரித்தறிவதிலேயே போய்விடும்.