ஆடியில் தட்டு, புரட்டாசியில் பாத்தி: டர்பன் பக்கம் வசந்தத் தோட்டம் போடுவது எப்படி

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொலவடை தென்னாப்பிரிக்காவிலும் செல்லும். காரணம்தான் வேறு. தமிழ்நாட்டில் ஆடி என்றால் மழையை நம்பி நிலத்தில் விதைக்கிற மாதம். குவாசூலு-நட்டால் கடற்கரையில் அது குளிர்காலத்தின் வால், வறண்ட மாதம். மண் குளிர்ந்து கிடக்கும். நேராக நிலத்தில் போட்ட மிளகாய் விதை அசையாது. ஆனால் வீட்டோரம் தட்டில் நாற்று விட இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆடிக் கடைசியில், அதாவது ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்களில், தட்டில் விதை போட்டால் புரட்டாசி பிறந்து கொஞ்ச நாளில் நாற்று நடத் தயாராகும். அக்டோபர் மழை இறங்கும்போது வேர் பிடித்திருக்கும்.

இது முதல்முறையாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு. டொங்காட், வெருலம், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், ஸ்டாங்கர் என்று உறைபனி விழாத கடலோர ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பள்ளமான இடங்கள், ஹோவிக், நியூகாசில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா எல்லாம் உறைபனி ஊர்கள். அங்கே இருப்பவர்கள் நான் சொல்லும் தேதிகளோடு மூன்று, நான்கு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. இடம்: வடக்கே பாருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். டர்பன் ஏறக்குறைய 30 பாகை தெற்கே இருக்கிறது. நடுப்பகல் சூரியன் வருடம் முழுவதும் வடக்குப் பக்கமாகவே நிற்கும். டிசம்பரில்கூடத் தலைக்கு நேர் மேலே வராது, கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். அதனால் வீட்டின் வடக்குப் பக்கம்தான் வெயில் படும் பக்கம், தெற்குச் சுவரோரம் நிழல். நாற்றுத் தட்டை வடக்கு பார்த்த சுவரோரம் வையுங்கள். பாகல், புடலை, பீர்க்கு போன்ற கொடிகளுக்கான பந்தலைத் தோட்டத்தின் தெற்கு எல்லையில் போடுங்கள். வடக்கில் போட்டால் அதன் நிழல் மற்ற பாத்திகள்மேல் விழும்.

நாளுக்கு ஆறு மணி நேர வெயில் போதும். குழாய் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டிய தோட்டம் நவம்பரில் கைவிடப்படும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. மண்: விதை வாங்கும் முன் இதை முடியுங்கள்

முதல் வருடத்துக்கு 1.2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளத்தில் நான்கு பாத்தி போதும். 1.2 மீட்டர் என்பது இரு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்டும் அகலம். பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. மிதித்த மண்ணில் வேர் ஓடாது.

ஜூன், ஜூலையிலேயே புல்லை வேரோடு எடுத்து, மண்ணை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்திப் போடுங்கள். டர்பன் மேட்டுப் பகுதிகளில் பல இடங்களில் சிவந்த மணல். தண்ணீர் விட்டால் உடனே இறங்கிவிடும், சத்தும் கூடவே போய்விடும். உள்ளே தள்ளிப் போனால் களிமண்ணும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மக்கிய எரு. பாத்தியின்மேல் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிக் கிளறிவிடுங்கள்.

டர்பனுக்கு வடக்கே கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாறு வடிகட்டிய பிறகு மிஞ்சும் கறுப்பு மண்டியை இங்கே பில்டர் கேக் என்பார்கள். தோட்டத்துக்கு அருமையான பொருள். ஆனால் புதிதாக வந்ததை அப்படியே போட்டால் சூடேறி வேரை வேக வைத்துவிடும். சில மாதம் குவித்து வைத்து, கையை விட்டுப் பார்த்துச் சூடில்லாமல் மண் வாசனை வந்தால்தான் பயன்படுத்த வேண்டும். கோழி எருவுக்கும் இதே சட்டம். கரும்புச் சோகை கிடைத்தால் அதையும் ஒரு மூட்டை வாங்கி வையுங்கள், பிறகு மண்மேல் பரப்பும் மூடாக்குக்கு உதவும்.

இந்த மாகாணத்து மண்ணில் பெரும்பாலும் புளிப்பு அதிகம். டோலமைட் சுண்ணாம்பு போட்டால் சரியாகும். எவ்வளவு என்று ஊகிக்காமல் மண்ணைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஹோவிக் போகும் வழியில் செடாராவில் மாகாண வேளாண் துறையின் மண் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தோட்டத்தின் பல இடங்களிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பையை அனுப்ப வேண்டும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், குளிர்காலத்திலேயே போட்டுவிடுங்கள். கோழி எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். எருவில் உள்ள தழைச்சத்து ஆவியாகிப் போகும், மூக்கே சொல்லிவிடும்.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பு 2:3:2 (22) உரத்தைச் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி தூவிக் கிளறலாம். அந்த எண்கள் பலரைக் குழப்பும். 22 என்பது பையில் உள்ள மொத்தச் சத்தின் சதவீதம். அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் 2:3:2 என்ற பங்கில் இருக்கின்றன. வேர் பிடிக்கும் காலத்துக்கு மணிச்சத்து கூடுதலாக இருப்பது நல்லது. உரமே வேண்டாம், எரு மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மண் நன்றாக இருந்தால் விளையும்.

3. விதை

ஊரிலிருந்து வரும் மாமியாரிடம் பெட்டியில் விதை போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். விதை, செடி எதுவானாலும் தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பறிமுதல். இங்கேயே எல்லாம் கிடைக்கும். ஸ்டார்க் ஏயர்ஸ், மேஃபோர்ட் பாக்கெட்டுகள் பெரும்பாலான கடைகளில் தொங்கும். நீளக் கத்தரி, வெண்டை, சுரை, பாகல் எல்லாம் இந்தியச் சாமான் கடைகளில் தேடினால் அகப்படும். வார்விக் பக்கத்து மார்னிங் மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு வாங்கும்போது முளை விட்டதாகப் பார்த்து நாலு எடுத்து வையுங்கள், மதும்பி (சேப்பங்கிழங்குக்கு இங்கே வழங்கும் பெயர்) நடுவதற்கு அதுவே விதை.

பழைய பாக்கெட் இருந்தால் பத்து விதையை ஈரக் காகிதத்தில் மடித்து வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஏழு முளைத்தால் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே என்றால் காசைப் பார்க்காமல் புதிது வாங்குங்கள்.

4. தட்டில் நாற்று விடுவது

தட்டில் போட வேண்டியவை மூன்று: தக்காளி, கத்தரி, மிளகாய். மற்றதெல்லாம் நேரே நிலத்துக்கு.

நாற்றுத் தட்டு வாங்கலாம். இல்லையென்றால் மார்ஜரின் டப்பாவின் அடியில் ஆறேழு ஓட்டை போட்டால் போதும். தோட்டத்து மண்ணை மட்டும் தட்டில் நிரப்ப வேண்டாம். அதில் நாற்றழுகல் பூஞ்சை இருக்கும், இறுகியும் போகும். தேங்காய் நார்த்தூளும் நன்றாகச் சலித்த மக்கு உரமும் பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் ஈரப் பதம்.

விதையை அதன் கனத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழத்தில் போட்டால் போதும். இந்த மூன்று விதைக்கும் அரை சென்டிமீட்டர். மேலே மெல்லத் தூவி மூடி, பூவாளியால் தெளித்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

ஆகஸ்ட் இரவுகளில் டர்பனில் 13 பாகைக்குப் பக்கமாக இறங்கும். தக்காளிக்கு 20 பாகைக்கு மேல் வேண்டும், மிளகாய்க்கும் கத்தரிக்கும் 25 இருந்தால் மகிழ்ச்சி. அதனால் முளைக்கும்வரை தட்டை ஃப்ரிட்ஜின் மேல் வைக்கலாம், வெளிச்சம் தேவையில்லை. தக்காளி ஆறு முதல் பத்து நாளில் எழும்பும். கத்தரி எட்டு முதல் பதினைந்து. மிளகாய்க்கு மூன்று வாரம்கூட ஆகும். தோண்டிப் பார்க்காமல் இருப்பதுதான் சிரமம். முதல் முளை தலை காட்டிய அன்றே பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரமாக நின்று, மறுநாள் நாற்றுகள் அடித்தண்டில் கறுத்துப் படுத்திருக்கும். நாற்றழுகல் வந்தபின் காப்பாற்ற முடியாது. வந்த இடத்தை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு மற்றதைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மூன்றாவது இலை வந்ததும் நெருக்கமாக இருப்பதைப் பிரித்து, ஒன்றுக்கு ஒரு குழி என்று மாற்றி நடுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

5. வெயிலுக்குப் பழக்குவது, அப்புறம் அந்தப் பெர்க் காற்று

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இங்கே நாற்று சாவது பெரும்பாலும் பூச்சியால் இல்லை, செப்டம்பர் வானிலையால்.

ஆகஸ்ட், செப்டம்பரில் திடீரென்று ஒரு நாள் 30 பாகையைத் தாண்டிக் கொளுத்தும். உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று அது. இறங்க இறங்க அழுத்தம் கூடிச் சூடேறும், ஈரம் துளியும் இருக்காது. அதுதான் பெர்க் காற்று. கோடை வந்துவிட்டது என்று நம்பி அன்றைக்கே எல்லாரும் நாற்றை நிலத்தில் நடுவார்கள். ஆனால் பெர்க் காற்று பெரும்பாலும் ஒரு குளிர் முகப்புக்கு முன்னால் ஓடிவரும் காற்று. அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ தெற்கிலிருந்து காற்று திரும்பும், சட்டென்று பதினைந்து பாகை குறையும், தூறலும் சேரும். முதல் நாள் உலர்ந்து வாடிய நாற்று மறுநாள் குளிரில் விறைத்து நிற்கும்.

ஆகவே பெர்க் காற்று வீசும் நாளில் நடாதீர்கள். தட்டை நிழலுக்குக் கொண்டுபோய், காலையும் மதியமும் ஈரம் பாருங்கள். காலையில் மட்டும் தண்ணீர் என்ற விதிக்கு அன்று மட்டும் விலக்கு. குளிர் வந்து, தூறி, ஓய்ந்த பிறகு வரும் மேகமூட்டமான மாலைதான் நடவுக்கு ஏற்றது.

அதற்கு முன் பத்து நாள் பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, கடைசி மூன்று நாள் இரவும் வெளியே. தண்டு தடித்து லேசாக ஊதா நிறம் படர்ந்தால் தயார் என்று அர்த்தம்.

6. நடவு

தக்காளிக்கு ஐந்து, ஆறு வாரம், கத்தரி மிளகாய்க்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். இடைவெளி: தக்காளி 50 சென்டிமீட்டர், கத்தரி 60, மிளகாய் 45. தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். மற்ற இரண்டையும் தட்டில் இருந்த அளவுக்கே.

ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் மூன்று விரல் உயரத்துக்கு அட்டை வளையம் மாட்டி, பாதியை மண்ணுக்குள் அழுத்துங்கள். வெட்டுப்புழு இரவில் வந்து தண்டைத் தரைமட்டத்தில் அறுத்துப் போடும். இந்த வளையம் அதைத் தடுக்கும். பிறகு கரும்புச் சோகை மூடாக்கு, தண்டை ஒட்டாமல்.

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். இந்த வருடம் இவை நின்ற பாத்தியில் அடுத்த வருடம் பீன்ஸோ கீரையோ போடுங்கள்.

7. நேரே விதைப்பவை

கீரையை இங்கே எல்லாரும் ஹெர்ப்ஸ் என்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் மண் கொஞ்சம் சூடேறியதும் விதைத்தால், புரட்டாசி விரதத்தில் கறி மீன் இல்லாத வீட்டுக்குப் பறித்துக்கொண்டே இருக்கலாம். அந்த மாதத்தில் காய்கறி விலை ஏறும் என்பதால் இதை மட்டும் தவறவிடாதீர்கள். விதை மிகச் சிறியது. உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். எறும்பு இழுத்துப்போகும் என்றால் பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிக் குருணை போட்டு வையுங்கள், அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

வெண்டையை ஒரு ராத்திரி ஊறவைத்து, செப்டம்பர் கடைசியில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில். கட்ரா பீன்ஸ் (பச்சையாக உரித்துச் சமைக்கும் பீன்ஸ்) செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். பூக்கும் நேரத்தில் 30 பாகைக்கு மேல் போனால் பூ உதிரும். கொத்தமல்லிக்கு இது பருவமே இல்லை. சூடேறியதும் பூத்துப்போகும், ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதும்பி, மஞ்சள், இஞ்சி மூன்றும் செப்டம்பர், அக்டோபரில் ஈரம் தங்கும் ஓரத்தில்.

8. பங்கு கேட்டு வருபவர்கள்

ஹடீடா பறவை நாற்றைத் தின்பதில்லை. ஈர மண்ணில் புழு தேடி நீள அலகால் குத்தும்போது நாற்று கூடவே வந்துவிடும். முதல் இரண்டு வாரம் பாத்தியின்மேல் முள்கிளையோ வலையோ போடுங்கள்.

குரங்குக்கு அதெல்லாம் போதாது. வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வரும் தெருவில் தக்காளியையும் மக்காச்சோளத்தையும் வலைக்கூண்டுக்குள் வளர்க்க வேண்டும், வேறு வழி இல்லை. ரப்பர் பாம்பு, பழைய சிடி, பொம்மை எல்லாம் ஒரு வாரத்துக்குத்தான் பயம். கூண்டுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் மிளகாய், மஞ்சள், இஞ்சி, மதும்பி என்று அவை அவ்வளவாகத் தொடாததை அதிகம் நடுங்கள்.

தக்காளி இலைக்குள் வெளிறிய பட்டையாகக் குடைந்திருந்தால் அது டூட்டா என்னும் இலைதுளைப்பான். 2016இல்தான் இந்த நாட்டுக்குள் வந்தது. தினமும் பார்த்து, குடைந்த இலையைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். உரக்குழியில் போடக் கூடாது, அங்கிருந்தே மறுபடி கிளம்பும்.

தக்காளியில் முதல் காய் பிடித்ததும் எல்.ஏ.என் என்னும் தழைச்சத்து உரம் செடிக்கு ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். நட்ட அன்றே குச்சி ஊன்றாதவர்கள் இப்போதாவது ஊன்றிவிடுங்கள். நவம்பரில் இடிமழை தொடங்கினால் காயோடு செடி படுத்துவிடும்.