கம்பஸில் கணிதம் படிக்கப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்துக்கோ கணிதம் படிக்க வருகிற நம் பிள்ளைகளில் அநேகம் பேர், உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்து, கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து கை பழகியவர்கள். அந்தப் பழக்கம் வீண்போகாது. ஆனால் எல்லை, தொடர்ச்சி போன்றவற்றைக் காரணத்தோடு நிறுவுகிற மெய்ப் பகுப்பாய்வுப் பாடம் தொடங்கியதும் புள்ளி விழுகிற இடம் மாறிவிடுகிறது. விடைக்குக் கிடைத்த புள்ளி இங்கே காரணத்துக்குத்தான் கிடைக்கும். இது பிடிபடாததால், நல்ல பெறுபேற்றோடு வந்தவர்களும் ரிப்பீட் எழுத வேண்டி வருகிறது.

வரைவிலக்கணத்தை மேலோட்டமாக வாசித்துவிட்டு உதாரணக் கணக்குக்குப் பாய்வதுதான் முதற் பிழை. எல்லையை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் 2ஐ அணுகும்போது எக்ஸின் வர்க்கம் 4ஐ அணுகும் என நிறுவ வேண்டும். அதாவது, எப்சைலன் என்று எந்த நேர் எண்ணைத் தந்தாலும், அதற்கேற்ற டெல்டா என்ற நேர் எண்ணை நாம் காட்ட வேண்டும்: எக்ஸுக்கும் 2க்கும் உள்ள தூரம் டெல்டாவை விடக் குறைந்தால், வர்க்கத்துக்கும் 4க்கும் உள்ள தூரம் எப்சைலனை விடக் குறைய வேண்டும். வர்க்கத்திலிருந்து 4ஐக் கழித்துக் காரணிப்படுத்தினால், எக்ஸ் − 2, எக்ஸ் + 2 ஆகிய இரண்டின் பெருக்கம் வரும். உடனே பலர் எப்சைலனை எக்ஸ் + 2 ஆல் வகுத்து, அதுதான் டெல்டா என்று எழுதிவிடுகிறார்கள். நிறுவல் அந்த வரியிலேயே முறிந்துவிடும். டெல்டாவை முடிவுசெய்த பிறகுதான் எக்ஸ் வருகிறது; இன்னும் வராத ஒன்றை வைத்து டெல்டாவைத் தீர்மானிக்க முடியாது. முதலில் டெல்டா 1ஐ மிஞ்சக்கூடாது என்று கட்டிவிடுங்கள். அப்போது எக்ஸ் 1க்கும் 3க்கும் இடையில்தான் நிற்கும்; எக்ஸ் + 2 எப்படிப் பார்த்தாலும் 5ஐ விடக் குறைவு. ஆகவே 1, எப்சைலனின் ஐந்தில் ஒரு பங்கு, இந்த இரண்டில் சிறியதை டெல்டாவாக எடுத்தால் போதும். அந்த 5 எங்கிருந்து வந்தது என்று கொப்பி பார்க்காமல் சொல்ல வருகிற வரைக்கும் அடுத்த கணக்குக்குப் போக வேண்டாம்.

நிறுவ வேண்டியதையே முதல் வரியாக எழுதி, இரண்டு பக்கத்தையும் சுருக்கி, கடைசியில் சமன் வந்ததும் ‘நிறுவப்பட்டது’ என்று முடிப்பது இன்னொன்று. −1 = 1 என்று தொடங்கி இரண்டு பக்கமும் வர்க்கித்தாலும் 1 = 1 என்றுதான் வரும். முடிவிலிருந்து பின்னோக்கி யோசிப்பது நல்ல வழிதான். அதைக் கரடுத்தாளில் வைத்துக்கொண்டு, விடைத்தாளில் தரவிலிருந்து முடிவை நோக்கி எழுதுங்கள்.

சில பெறுமானங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று எழுதுவதும் நடக்கிறது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டிப் பாருங்கள். 0 முதல் 39 வரை ஒவ்வொரு முறையும் முதன்மை எண்தான் வரும். 40ஐப் போட்டால் 1681. அது 41இன் வர்க்கம். நாற்பது உதாரணம் சரிவந்தும் கூற்று பொய்.

தேற்றத்தின் நிபந்தனைகளைச் சரிபார்க்காமல் பாவிப்பதும் புள்ளியைத் தின்னும். எண்ணின் குறியை நீக்கி அளவை மட்டும் தரும் தனிப்பெறுமானச் சார்பு −1இலும் 1இலும் ஒரே பெறுமானம் எடுக்கிறது, இடையில் தொடர்ச்சியாகவும் இருக்கிறது. ஆனாலும் வகையீடு பூச்சியமாகும் புள்ளி எதுவும் இல்லை, ஏனென்றால் 0இல் அதை வகையிட முடியாது. இரு முனையிலும் ஒரே பெறுமானம் எடுக்கும் சார்புக்கு இடையில் வகையீடு பூச்சியமாகும் புள்ளி உண்டு என்கிற ரோலின் தேற்றத்தை எழுதும்போது, ‘இடையில் எங்கும் வகையிடலாம்’ என்ற அந்த ஒரு வரியை விட்டால் மிச்சம் எல்லாம் ஆட்டம் காணும். இதேபோல, உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போனால் தொடர் ஒருங்கும், அதாவது கூட்டுத்தொகை ஒரு முடிவான எண்ணை அணுகும் என்று நினைக்க வேண்டாம். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடரில் 1/3உம் 1/4உம் சேர்ந்தால் அரையை மிஞ்சும், 1/5 முதல் 1/8 வரை சேர்ந்தாலும் அரையை மிஞ்சும். இப்படி அரை அரையாக முடிவில்லாமல் கூடிக்கொண்டே போகும்.

படிக்கிற முறைக்கு வருவோம். விரிவுரை ஆங்கிலத்தில் நடப்பதால் நிறுவலை ஆங்கில வசனமாகவே பாடமாக்குகிறார்கள். கேள்வியில் ஓர் எழுத்து மாறினாலே தடுமாற்றம் வந்துவிடும். தமிழில் யோசித்து, தமிழிலேயே ஒருவருக்குச் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். டியூட்டோரியலை சீனியரின் கொப்பியிலிருந்து இறக்காமல், ஒரு கேள்வியோடு அரை மணித்தியாலமாவது மல்லுக்கட்டுங்கள். அதன்பின் விடையைப் பார்த்தால் எங்கே சிக்கினீர்கள் என்று தெரியும். பரீட்சைக்கு முந்திய கிழமை மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் குப்பியை மட்டும் நம்புவதும் ஆபத்து. குப்பியில் உட்கார்ந்து கேட்பவரை விட, வெண்பலகையில் எழுதிக் காட்டுபவருக்குத்தான் பாடம் கூடுதலாகத் தெளியும். ஆகவே ஒரு பகுதியையாவது நீங்களே பொறுப்பெடுத்துச் சொல்லிக் கொடுங்கள்.

இறுதி வருட ஆய்வில், கணினி தந்த எண்ணை அப்படியே அறிக்கையில் ஏற்றுவதுதான் பெரிய பிழை. நிரலை முதலில் விடை தெரிந்த கணக்கில் ஓட்டுங்கள். வகையீடு தனக்கே சமனான, 0இல் பெறுமானம் 1 ஆன சார்புக்கு 1இல் சரியான விடை 2.71828. சிறு சிறு படியாக முன்னேறி விடையைக் கிட்டத்தட்டக் கணிக்கும் ஆய்லர் முறையில் படிநீளம் 0.1 என்றால் 2.59374 வரும், 0.05 என்றால் 2.65330. வழு 0.1245இலிருந்து 0.0650 ஆக, கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருக்கிறது. இதைவிடத் துல்லியமான நான்காம் வரிசை ருங்கே–குட்டா முறையில், படிநீளத்தைப் பாதியாக்கினால் வழு ஏறத்தாழ பதினாறில் ஒன்றாகக் குறைய வேண்டும். அப்படிக் குறையவில்லையென்றால் நிரலில் எங்கோ பிழை இருக்கிறது. வரைபடம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகும் முன் அதைத் தேடிப் பிடியுங்கள்.