பத்தாவது இங்கிலீஷ் கிளாஸ்ல டீச்சர் உங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறாங்க? ஸ்டெப் ஸ்டெப்பா பாத்துரலாம்

ஜூன்ல ஸ்கூல் திறந்து பத்தாவதுக்கு வர்ற பிள்ளைங்க, அதுலயும் ஒண்ணாவதுல இருந்தே தமிழ் மீடியம் படிச்சவங்க, இங்கிலீஷ் பீரியட் வந்தாலே தலைய குனிஞ்சுக்கிறாங்க, கேட்டா "சார் எனக்கு இங்கிலீஷ் வராது"ன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. நான் ஸ்டேட் போர்டு பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவன், அதனால இத முதல்லயே சொல்லிடறேன். நீங்க கடகடன்னு பேசணும்னு உங்க டீச்சர் எதிர்பார்க்கல. கைடுல இருக்கிறத ஒரு எழுத்து மாறாம ஒப்பிக்கணும்னும் எதிர்பார்க்கல. நீங்களா யோசிச்சு எழுதின வாக்கியம் தினமும் குறைஞ்சது ஒண்ணு நோட்டுல இருக்கணும், தப்பு இருந்தாலும் பரவாயில்ல. கீழ சொல்லப்போற எல்லாமே இதுக்காகத்தான்.

ஸ்டெப் 1: பேப்பர் எப்படி இருக்கும்னு முதல் வாரமே தெரிஞ்சுக்கோங்க

பல பேருக்கு அரையாண்டு வரைக்கும் கூட எந்த கேள்விக்கு எத்தனை மார்க்னு தெரியாம போகுது, அதனாலதான் பயம் ஜாஸ்தி. மொத்தம் 100 மார்க், மூணு மணி நேரம், பாஸுக்கு 35. பார்ட் ஒண்ணுல 14 ஒன் வேர்டு, அதுல சினானிம் மூணு, ஆன்டானிம் மூணு, மிச்சம் புளூரல், ப்ரிஃபிக்ஸ், அப்ரிவியேஷன், ஃப்ரேசல் வெர்ப், ப்ரிபொசிஷன், டென்ஸ் மாதிரி. பார்ட் ரெண்டுல டூ மார்க் பத்து, ஆக 20. பார்ட் மூணுலதான் உயிரே இருக்கு, அஞ்சு மார்க் கேள்வி பத்து எழுதணும், 50 மார்க். கடைசில எட்டு மார்க் ரெண்டு, 16.

இத ஒரு தாள்ல எழுதி இங்கிலீஷ் நோட்டோட முதல் பக்கத்துல ஒட்டி வைங்க. டீச்சர் ஒரு பாடம் நடத்தும்போது இது எந்த பார்ட்டுக்கு போகும்னு உங்களுக்கே தெரிஞ்சா கிளாஸ்ல கவனம் தானா வரும்.

ஸ்டெப் 2: நோட்டு

கிளாஸ் வொர்க்குக்கு ஒண்ணு, கிராமருக்கு ஒண்ணு, டெஸ்ட்டுக்கு ஒண்ணு, அவ்வளவு போதும். உங்க டீச்சர் வேற மாதிரி கேட்டா அவங்க சொன்னபடி வைங்க. கையெழுத்து அழகா இல்லேன்னாலும் வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு எழுதுங்க, திருத்துறவங்களுக்கு அது பெரிய உதவி. இன்னொண்ணு, கிளாஸ் வொர்க் நோட்டோட கடைசி நாலு பக்கத்த காலியா விட்டு வைங்க. எதுக்குன்னு ஸ்டெப் 7-ல சொல்றேன்.

ஸ்டெப் 3: பாடம் நடத்துறதுக்கு முந்தின நாள் அஞ்சு வரி

வீட்ல புக்க திறந்து அடுத்த நாள் நடத்தப்போற பாடத்துல அஞ்சே அஞ்சு வரிய சத்தம் போட்டு படிங்க. மனசுக்குள்ள படிக்கிறது இதுக்கு செல்லாது, வாய் திறக்கணும். தடுமாறுற வார்த்தைக்கு கீழ பென்சில்ல ஒரு கோடு போடுங்க, அர்த்தம் தேட வேண்டாம், கோடு மட்டும் போதும். மறுநாள் டீச்சர் அந்த வார்த்தைய வாசிக்கும்போது காது தானா அங்க போய் நிக்கும். புக்ல க்யூ ஆர் கோடு இருக்கு, வீட்ல போன் கிடைச்சா ஸ்கேன் பண்ணி பாருங்க, போன் இல்லேன்னா அதுக்காக கவலைப்பட வேண்டாம்.

ரீடிங்குக்கு டீச்சர் எழுப்பி விட்டா "அடுத்தவன கேளுங்க சார்"னு சொல்லாதீங்க. நீங்க தப்பா வாசிக்கிறத கேட்டாதான் எந்த சவுண்ட் உங்களுக்கு வரலன்னு அவங்களுக்கு தெரியும். யாராவது சிரிச்சா அத நிறுத்தவேண்டியது டீச்சரோட வேலை, உங்க வேலை வரிய முடிக்கிறது. இதே மாதிரி நீங்களும் அடுத்த பிள்ளை வாசிக்கும்போது சிரிக்காதீங்க, இத நான் ரொம்ப கண்டிப்பா சொல்வேன், ஏன்னா ஒருதடவ சிரிப்புக்கு ஆளான பிள்ளை அந்த வருஷம் பூரா வாய் திறக்காம போனத பாத்திருக்கேன்.

ஸ்டெப் 4: பதில் சொந்தமா எழுதுறது (இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க)

கைடுல டூ மார்க் கேள்விக்கு நாலு வரில பதில் இருக்கும், அத மனப்பாடம் பண்ணுவீங்க, எக்ஸாம்ல நடுவுல ஒரு வார்த்தை மறந்தா மொத்தமும் காலி. அதுக்கு பதிலா கேள்வியில இருந்தே பதில எடுக்கிற வழி ஒண்ணு இருக்கு.

பத்தாவது புக்ல முதல் பாடம் பறக்க பயப்படுற கடல்பறவை குஞ்சு கதைதானே, அதையே வச்சு பாப்போம். கேள்வி இப்படின்னு வைங்க: "வொய் வாஸ் த யங் சீகல் அஃப்ரெய்ட் டு ஃப்ளை?"

முதல்ல "வொய்"ய தூக்கிடுங்க. மிச்சம் இருக்கிறது "வாஸ் த யங் சீகல் அஃப்ரெய்ட் டு ஃப்ளை". இப்ப முன்னாடி இருக்கிற "வாஸ்"அ பெயருக்கு பின்னாடி தள்ளுங்க. "த யங் சீகல் வாஸ் அஃப்ரெய்ட் டு ஃப்ளை". பாதி பதில் ரெடி, இதுல ஒரு வார்த்தை கூட நீங்க மனப்பாடம் பண்ணல, எல்லாம் கேள்வித்தாள்லயே இருந்தது. கடைசில "பிகாஸ்" போட்டு காரணத்த சேருங்க. ரெக்கை தன்னை தாங்காதுன்னு அது நெனச்சுது, அவ்வளவுதானே கதை. "பிகாஸ் ஹி தாட் ஹிஸ் விங்ஸ் வுட் நாட் சப்போர்ட் ஹிம்". முடிஞ்சுது. சின்ன பதில்தான், ஆனா கேட்டதுக்கு நேரா பதில் சொல்லுது, ரெண்டு மார்க் கேள்விக்கு இது போதும்.

"டிட்" வர்ற கேள்விக்கு மட்டும் ஒரு மாற்றம். "வாட் டிட் ஹி சீ?"ன்னு கேட்டா பதில்ல "டிட்" வராது, "சீ" போய் "சா" ஆகணும், "ஹி சா..."ன்னு ஆரம்பிக்கணும். இங்கதான் நிறைய பேர் "ஹி டிட் சா"ன்னு எழுதிடறாங்க. பதில்ல "டிட்" போகுது, வெர்ப் பாஸ்ட்டுக்கு மாறுது, ரெண்டும் ஒண்ணா நடக்கணும்.

தினமும் ஒரு கேள்விய இப்படி செஞ்சு டீச்சர்கிட்ட காட்டுங்க. அவங்க கேக்கலன்னாலும் காட்டுங்க. கைடு வேண்டவே வேண்டாம்னு நான் சொல்ல வரல, நீங்க எழுதி முடிச்ச பிறகு அத திறந்து சரி பாருங்க.

ஸ்டெப் 5: கிராமர்

டூ மார்க்ல கிராமர் அஞ்சு கேள்வி இருக்கும், மூணு எழுதினா போதும். வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், பங்சுவேஷன், டிரான்ஸ்ஃபார்ம், ரீஅரேஞ்ச். பயமா இருக்கிறவங்க பங்சுவேஷன்லயும் ரீஅரேஞ்ச்லயும் ஆரம்பிங்க, சீக்கிரம் பிடிபடும், அதுல ஒரு தைரியம் வந்த பிறகு வாய்ஸுக்கு போங்க. கிராமர் ரூல மட்டும் எழுதி வச்சா நோட்டு நிறையும், வேற ஒண்ணும் ஆகாது. ஒரு ரூலுக்கு கீழ உங்க வீட்ல இருக்கிறவங்கள வச்சு மூணு வாக்கியம் எழுதுங்க. "மை மதர் குக்ஸ் ரைஸ்", "ரைஸ் இஸ் குக்ட் பை மை மதர்". இப்படி எழுதினா ஆப்ஜெக்ட் முன்னாடி வர்றது கண்ணுக்கே தெரியும்.

ஸ்டெப் 6: ரைட்டிங் பகுதி, அள்ளுற மார்க் இங்கதான்

லெட்டர், விளம்பரம், நோட்டீஸ், படம் பாத்து எழுதுறது, நோட் மேக்கிங், தப்ப கண்டுபிடிச்சு திருத்துறது. இதுல நாலு எழுதினா 20 மார்க், பாடம் எதுவும் ஞாபகம் இல்லேன்னாலும் எழுதலாம். பாஸ் மார்க்கே 35-ங்கிறத இதோட சேத்து பாருங்க.

லெட்டர்ல டீச்சர் முதல்ல பாக்கிறது ஃபார்மேட். ஃப்ரம், டு, தேதி, சார், விஷயம், கையெழுத்து, கடைசில கவர் மேல எழுதுற அட்ரஸ், எல்லாம் அதது இடத்துல இருக்கணும். எக்ஸாம்ல உங்க சொந்த பேரையோ ஸ்கூல் பேரையோ எழுதக்கூடாது, கேள்வில கொடுத்த பேர், இல்லேன்னா எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய்னு போடுங்க. இத கிளாஸ் டெஸ்ட்லயே பழகிடுங்க.

படம் பாத்து எழுதுறதுக்கு அஞ்சு வாக்கியம். படத்துல என்ன தெரியுதோ அதுல தொடங்குங்க, "திஸ் இஸ் எ பிக்சர் ஆஃப் எ மார்க்கெட்". யார் இருக்காங்க, என்ன பண்றாங்க, அத பாத்து உங்களுக்கு என்ன தோணுது. இதுக்கு பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம்.

டூ மார்க்ல ரோட் மேப் ஒண்ணு கட்டாயம் வரும், சாய்ஸ் கிடையாது. லெஃப்ட் ரைட் குழம்புதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அதுக்கு ஒரு வழி. கேள்வித்தாள கையால திருப்புங்க. நீங்க நடந்து போற ரோடு எப்பவும் உங்க நெஞ்சுல இருந்து முன்னாடி போற மாதிரி தாள் இருக்கணும். ஒரு திருப்பம் வந்தா திரும்பவும் தாள சுத்துங்க. இப்ப உங்க வலது கைப்பக்கம் இருக்கிறதுதான் ரைட். "கோ ஸ்ட்ரெய்ட்", "டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட்", "த ஹாஸ்பிட்டல் இஸ் ஆன் யுவர் ரைட்", இந்த மாதிரி மூணு நாலு வாக்கியம் போதும். உங்க வீட்ல இருந்து ஸ்கூலுக்கு வர்ற வழிய ஒரு தடவ வரைஞ்சு எழுதி பாருங்க.

மெமரி போயம் அஞ்சு மார்க், இதுவும் கட்டாயம். இங்க மட்டும் மனப்பாடம்தான், வேற வழி இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு வரி, வாயால சொல்லிட்டு பாக்காம எழுதணும். வரி ஆரம்பத்துல கேபிடல், வரி கடைசில கமாவா ஃபுல் ஸ்டாப்பா, அதையும் புக்ல இருக்கிறபடியே.

ஸ்டெப் 7: திருத்தின நோட்டு கைக்கு வந்ததும்

மார்க்க மட்டும் பாத்துட்டு பைக்குள்ள வச்சிடாதீங்க. சிவப்பு மையில சுழிச்சிருக்கிற தப்புல ஒண்ண எடுத்து, அந்த கடைசி நாலு பக்கத்துல இடது பக்கம் நீங்க எழுதினது, வலது பக்கம் சரியானதுன்னு எழுதி வைங்க. கொஞ்ச நாள்ல திரும்ப பாத்தா ஒரே மாதிரி தப்புதான் மறுபடி மறுபடி வந்திருக்கும், "ஹி டோன்ட்" எழுதுறவங்க எப்பவும் அதையேதான் எழுதுவாங்க, அது "ஹி டஸ்ன்ட்"னு ஆகணும். எது உங்க தப்புன்னு தெரிஞ்சா அத மட்டும் பிடிச்சு சரி பண்ணலாம், கிராமர் புக் முழுக்க படிக்க வேண்டியதில்ல. ஏன் தப்புன்னு புரியலேன்னா நோட்டோட போய் கேளுங்க. "புரியல"ன்னு வந்து நிக்கிற பிள்ளைய எந்த நல்ல டீச்சரும் திட்டமாட்டாங்க.

பக்கத்துல இருக்கிறவன் ஹோம்வொர்க்க பாத்து எழுதாதீங்க. எழுத முடியலேன்னா "சார், இதுவரைக்கும்தான் வந்துச்சு"ன்னு பாதிய காட்டுங்க. அந்த பாதிதான் எங்களுக்கு வேணும், எங்க நின்னீங்களோ அங்க இருந்து சொல்லிக் கொடுப்போம். காப்பி அடிச்ச நோட்டுல எல்லாமே சரியா இருக்கும், அதனால உங்களுக்கு எது வரலன்னு எங்களுக்கு தெரியவே தெரியாது.

ஸ்டெப் 8: டெஸ்ட்

செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு, அதுக்கப்புறம் ரிவிஷன். எதுலயும் கேள்விய விடாதீங்க, தெரியாததுக்கும் ஸ்டெப் 4 வழில பாதி வாக்கியமாவது எழுதுங்க. பப்ளிக்ல முதல் 10 நிமிஷம் கேள்வித்தாள் படிக்க கொடுப்பாங்க, அதுல எந்த சாய்ஸ எழுதப்போறோம்னு முடிவு பண்ணிடுங்க, கிளாஸ் டெஸ்ட்லயும் ரெண்டு நிமிஷம் பேனாவ கீழ வச்சுட்டு படிச்சு பழகுங்க.

லீவு போட்டுட்டீங்கன்னா, காய்ச்சலோ வீட்டு விசேஷமோ எதுவா இருந்தாலும், வந்த அன்னைக்கே ஃப்ரெண்டு நோட்ட வாங்கி அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பாருங்க, அந்த பாடத்துல ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதிட்டு லஞ்ச் பிரேக்ல டீச்சர்கிட்ட போங்க. விட்டுப்போன மிச்சத்த எப்ப எழுதி முடிக்கலாம்னு அவங்க கிட்டயே கேட்டு ஒரு நாள் வாங்கிக்கோங்க.