வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்: நீலகிரியில் முதுமைக் கவனிப்புக்குப் பணம் ஒதுக்குவதும் சொத்தைப் பிரிப்பதும்

கோத்தகிரியிலோ குந்தாவிலோ வயதான அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் தளர்ந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "இருக்கும்போதே எழுதி வெச்சிடுங்க" என்பதுதான். வீட்டையும் இரண்டு ஏக்கர் தேயிலையையும் பிள்ளை பேருக்கு தானசெட்டில்மெண்ட் செய்துவிடுகிறார்கள். கடைசிப் பத்தாண்டுக்கான செலவு எவ்வளவு, அது எங்கிருந்து வரும் என்ற கணக்கை அதற்கு முன் யாரும் போடுவதில்லை. முதலில் கவனிப்புச் செலவு, பிறகு யாருக்கு எது என்பதுதான் சரியான வரிசை.

செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். பகலுக்கு ஆள், இரவுக்கு ஆள், மருந்து, கோயம்புத்தூர் போய்வர டாக்ஸி, வெந்நீருக்கும் ஹீட்டருக்கும் கூடும் கரண்ட் பில். படுக்கையில் விழுந்தவருக்கு ஒரு நாளைக்கு நான்கு டயப்பர், மாதம் 120. கீழ்நாட்டிலிருந்து வரும் பராமரிப்பாளர் டிசம்பர் குளிர் தாங்காமல் பாதியில் இறங்கிவிடுவது உண்டு. அவருக்குத் தனி அறையும் கனத்த கம்பளியும் கொடுக்க வேண்டும், லீவில் போகும் நாட்களுக்கு மாற்று ஆளும் வேண்டும். இந்தச் செலவும் கணக்கில் வர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மொத்தம் மாதம் 35,000 ரூபாய் என்று வைப்போம். விலை ஏறாவிட்டால் ஐந்து வருடத்துக்கு 21 லட்சம். வருடம் 8 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 24 லட்சத்து 64 ஆயிரம். உங்கள் ஊரில் விசாரித்த தொகையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஒருவரை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் ஒரே கணக்காகப் போட்டால், பின்னால் தனியாக நிற்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

மருத்துவக் காப்பீடு இதைக் கொடுக்காது. பாலிசி ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. ஆண்டுக்கணக்கில் வீட்டில் ஆள் வைப்பதற்கு அதில் பணம் வராது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். ஆனால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மலைக்கு மிகவும் பயன்படுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையும், இயன்முறை சிகிச்சையும், நோய் முற்றியவருக்கான வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

நிலையான வருமானத்துக்கு முதல் இடம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயது ஆனவர் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும், ஆனால் போட்ட அன்றைய விகிதம் ஐந்து வருடத்துக்கும் மாறாது. கணவன், மனைவி இருவரும் தனித்தனியாகப் போடலாம்.

தேயிலை வருமானத்தை முழுதாக நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பச்சை இலை விலை ஆடும். கவாத்து வெட்டிய வயலில் சில மாதம் இலையே வராது. பறிக்க ஆள் கிடைக்காமல் விட்டால் செடி மரமாகிவிடும். கடந்த மூன்று வருட ஃபேக்டரி ரசீதுகளை எடுத்து, அதில் மிக மோசமான வருடத்தின் தொகையை மட்டும் வருமானமாக எழுதுங்கள். கூட்டுறவு ஃபேக்டரியில் உறுப்பினராக இருந்தால் பங்குக்கும் நாமினி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்டேட் தொழிலாளருக்கு வேறு கவலை. லயன் வீடு, அதாவது எஸ்டேட் தரும் வரிசை வீடு, வேலையோடு சேர்ந்தது, ஓய்வு பெற்றதும் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் ஓய்வின்போது வரும் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) கல்யாணக் கடனுக்குக் கொடுத்துவிட்டால் தங்க இடமே இருக்காது. கிராஜுவிட்டிக் கணக்கு இது: ஒரு நாள் கூலி, பெருக்கல் 15, பெருக்கல் வேலை செய்த வருடம். கூலி 450 என்றால் 30 வருடத்துக்கு 2,02,500 ரூபாய். பி.எஃப். பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இனிஷியல் என்றால் பணம் நின்றுவிடும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் இது அதிகம். ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

செட்டில்மெண்டா, உயிலா

தானசெட்டில்மெண்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். குடும்பத்துக்குள் என்றால் செலவும் குறைவு: 2023 ஜூலையில் உயர்த்திய விகிதப்படி முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இந்த மலிவுதான் ஆளை இழுக்கிறது. ஆனால் நிபந்தனை இல்லாமல் எழுதியதை நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. வீட்டை அடமானம் வைக்கவோ, மூத்தோருக்கான தலைகீழ் அடமானத்தில் வங்கியிலிருந்து மாதப் பணம் வாங்கவோ வழி போய்விடும்.

ஆகவே உயில் எழுதுங்கள். உயிர் உள்ளவரை சொத்து உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் தவிர்க்க முடியாது என்றால், பத்திரத்துக்குள்ளேயே இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, உங்களுக்கும் துணைக்கும் ஆயுள் வரை அனுபவ உரிமை. இரண்டு, இருப்பிடம், உணவு, மருத்துவம், படுக்கையில் விழுந்தால் ஆள் வைத்துப் பராமரிப்பு ஆகியவற்றைப் பெறுபவர் செய்ய வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்ற நிபந்தனை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23 (கவனிக்காதவருக்கு எழுதியதைத் தீர்ப்பாயம் ரத்து செய்ய வழி தருவது) இந்த நிபந்தனையில்தான் நிற்கிறது. வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டது என்றால் தீர்ப்பாயத்தில் வழக்கு தள்ளாடும்.

தீர்ப்பாயம் என்பது கோட்டாட்சியர் அலுவலகம். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்று கோட்டம். அங்கே மனு கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். வழி தெரியாதவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் பதிவது நல்லது. படுத்த படுக்கை என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வர மனு கொடுக்கலாம். சர்வே எண், பரப்பு பட்டாவில் உள்ளபடியும், கதவு எண் வீட்டு வரி ரசீதில் உள்ளபடியும் எழுதுங்கள். "இதில் சொல்லாமல் விட்ட சொத்து இன்னாருக்கு" என்று ஒரு வரி, முந்தைய உயில் ரத்து என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உங்களைவிட இளையவர்களாக, பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்கட்டும், ஏனென்றால் பின்னால் வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் கணவன், மனைவிக்கோ எழுதியது செல்லாமலே போய்விடும். எழுதிய பிறகு பேனாவால் அடித்துத் திருத்துவதும் ஆபத்து, புதிதாக எழுதிவிடுங்கள். மறதி நோய் தொடங்கியிருந்தால், தெளிவான மனநிலை பற்றி டாக்டரிடம் அன்றைய தேதியில் சான்று வாங்கி இணைக்கவும்.

குழந்தை இல்லாத விதவைகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொந்தமாகச் சம்பாதித்ததுகூடக் கணவர் வீட்டு வாரிசுகளுக்கே முதலில் போகும். பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, சமூக வழக்கப்படியே போகும்.

மலை நிலத்தின் சிக்கல்கள்

ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டாகவோ இருக்கும். அப்படிப்பட்ட பூர்வீக நிலத்தில் உங்கள் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுத முடியும், மகள்களின் பங்கும் அதில் உண்டு. முழு நிலத்தையும் ஒரு மகனுக்கு எழுதிய உயிலால்தான் வழக்கு நீள்கிறது. வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பிறகு பாகப்பிரிவினை, கடைசியாக உட்பிரிவு அளந்து தனிப்பட்டா என்ற வரிசையில் செய்யுங்கள். பதியாமல் விட்ட பழைய இறப்புக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டியிருக்கும், நாளாகும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள்.

கூடலூரில் செக்‌ஷன் 17 நிலத்துக்கு (கூடலூர் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும் நிலம்) பட்டா கிடையாது. வங்கி அதை அடமானமாக ஏற்காது. கவனிப்புச் செலவுக்கு வைத்த பணத்தில் அதைச் சேர்க்காதீர்கள். தனியார் காடாக அறிவித்த நிலத்தை விற்கவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும்.

பவர் பத்திரம் பற்றிப் பலரும் தவறாக நினைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்கு மனத்தெளிவு போய்விட்டால் பவரும் முடிந்துவிடும், அதாவது தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. அதனால் கவனிப்புக்கான பணத்தை, நம்பும் ஒருவரோடு சேர்த்து, யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்கில் வையுங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை போடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலிலும் எழுதுங்கள்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்பது போன்ற விருப்பத்தையும் எழுதி வைக்கலாம். 2023 முதல் இரண்டு சாட்சியும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும்.

முதியோர் இல்லம் பார்ப்பதானால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நடக்க முடியாமல் போனாலும் வைத்துக்கொள்வீர்களா என்பது. முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூலப் பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சுவரை ஒட்டிய மர அலமாரி வேண்டாம். உயிலை மூடி முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடமே ஒப்படைத்து வைக்கலாம். அந்த ரசீது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.