அலிகேட்டர் முதுகுத் தகட்டை பிளாஸ்டரில் வார்ப்பது எப்படி?

பள்ளிக் கண்காட்சிகளில் முதலைக் கவசம் என்றாலே தெர்மோகோலில் வெட்டிய முக்கோண முட்கள்தான். வெளியே தெரிவது கொம்புப்பொருளாலான செதில். புதைபடிவமாகக் கிடைப்பதோ அதற்கடியில் தோலுக்குள் வளரும் எலும்புத் தகடு, ஆஸ்டியோடெர்ம். அதைத்தான் செய்யப்போகிறோம்.

தகடுகள் எப்படி வரிசை கட்டுகின்றன என்று பார்க்க சென்னையை அடுத்த வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய் வாருங்கள். அசல் எலும்பை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் நாட்டு முதலைகளின் பாகங்களை வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கொசப்பேட்டை குயவர்களிடம் கிடைக்கும் களிமண் போதும். எண்ணெய் தடவிய பலகையில் 6 செ.மீ. சதுரம், 1 செ.மீ. கனத்தில் தகடு ஒன்று தட்டுங்கள். நடுவே முன்பின்னாக ஒரு முகடு. முன் விளிம்பில் சுமார் 1 செ.மீ. பட்டையை வழவழப்பாக விடுங்கள்: முன்னால் உள்ள தகடு அதன்மேல்தான் படியும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பக்க விளிம்புகள், அண்டைத் தகடுகளோடு பொருந்துவதால், ரம்பப்பல் போல இருக்கும்.

மீதிப் பரப்பு முழுக்க 3–5 மி.மீ. அகலக் குழிகள், பேனாவின் பின்முனையால். குழியின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கட்டும். உள்ளே அகன்றால் வார்ப்பு அச்சிலேயே சிக்கி உடையும்.

சுற்றிலும் 10 செ.மீ. சதுரமாக, 4 செ.மீ. உயரத்தில் அட்டைச் சுவர் எழுப்பி, மூலைகளைக் களிமண்ணால் அடையுங்கள். 175 மி.லி. தண்ணீரில் 250 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தூவி, ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்கி, களிமண் தகட்டின்மேல் ஊற்றுங்கள். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழி ஏறும். போர் தண்ணீர் வேண்டாம். உப்பு இருந்தால் பிளாஸ்டர் சீக்கிரம் இறுகிவிடும். கேன் தண்ணீரே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பிரித்துவைத்த பாக்கெட் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். அது சரியாக இறுகாது, புதிதாக வாங்குங்கள். இறுகும்போது சூடேறும், கையை உள்ளே வைக்காதீர்கள். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் கழித்துக் களிமண்ணை எடுத்துவிட்டு, அச்சில் சோப்புக் கரைசலை மூன்று முறை பூசுங்கள். பிறகு 35 கிராம் பிளாஸ்டரும் 25 மி.லி. தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். இறுகுமுன் மேலே தெரியும் பரப்பில், அதாவது தகட்டின் அடிப்பக்கத்தில், ஊசியால் குறுக்குநெடுக்கான மெல்லிய கீறல்களும் ரத்தக்குழாய் நுழையும் இரண்டு மூன்று சிறு துளைகளும் போடுங்கள்.

இறுகியதும் அச்சிலிருந்து எடுத்து, ஒரு நாள் காயவைத்தபின் நிறம். புளோரிடா ஆறுகளில் கிடைக்கும் புதைபடிவத் தகடுகள், தாதுக்கள் ஊறியதால், பெரும்பாலும் கரும்பழுப்பு. கெட்டித் தேயிலை டிகாக்‌ஷன் இரண்டு பூச்சு, குழிகளுக்குள் மட்டும் நீர்த்த கறுப்புப் பெயிண்ட். டைனோசர் காலத்து ராட்சத முதலையினமான டைனோசூக்கஸின் தகடு வேண்டுமானால் தகட்டைப் பெரிதாகவும் கனமாகவும், அரைக்கோளமாக உப்பியும், குழிகளை ஆழமாகவும் செய்யுங்கள். அதற்கேற்ப பிளாஸ்டரும் கூடும்.