கட்டு போட்ட கை காலை வீட்டில் எப்படிக் கவனிப்பது

நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கம் கை கால் முறிந்தால் சிலர் புத்தூர் கட்டுக்குப் போவார்கள், சிலர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வருவார்கள். எது நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எந்தக் கட்டாக இருந்தாலும் முதல் 2, 3 நாள் உள்ளே வீக்கம் ஏறும், ஆனால் இறுக்கமான கட்டு விரிந்து கொடுக்காது, அதனால் ரத்த ஓட்டமும் நரம்பும் நசுங்க வாய்ப்பு உண்டு. எலும்பு வார்டில் நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து விரலைத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வேலை உங்களுடையது. ராத்திரியிலும் எழுப்பிப் பாருங்கள், பாவம் தூங்கட்டும் என்று விடாதீர்கள்.

முதலில் அடிபடாத கையையோ காலையோ பாருங்கள், அப்புறம் அடிபட்டதை. வித்தியாசம் அப்போதுதான் தெரியும். நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். புறங்கையால் விரல்களைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது நரம்பு. கைக்கு மூன்று முக்கிய நரம்புகள். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள், கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்த்து வளையம் போடச் சொல்லுங்கள், விரல்களை அகல விரிக்கச் சொல்லுங்கள். மூன்றும் வந்தால் மூன்று நரம்பும் வேலை செய்கிறது என்று அர்த்தம். மாமரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே முறிந்த பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னால் அழும், அதனால் ஸ்டோன் பேப்பர் சிசர்ஸ் விளையாடுங்கள், அதே மூன்று நரம்பும் அதில் வந்துவிடும். உணர்ச்சிக்கு ஆள்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கைப் பக்கம், இந்த மூன்று இடத்தையும் லேசாகத் தொட்டுக் கேளுங்கள்.

காலுக்கு, பாதத்தையும் விரல்களையும் முகத்தை நோக்கி மடக்கச் சொல்லுங்கள், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தொட்டுப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கால் வெளிப்பக்கம் சாய்ந்து கட்டின் விளிம்போ கட்டில் சட்டமோ அங்கே அழுத்தினால் பாதம் தூக்க வராமல் தொங்கிவிடும். சுருட்டிய துண்டை அண்டக் கொடுத்துக் காலை நேராக வையுங்கள்.

இது எல்லாவற்றையும் விட முக்கியம் வலி. முறிவு என்றால் வலிக்கத்தான் செய்யும், ஆனால் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தும்போதே அலறினால், அது வேறு. தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் உள்ளே போக முடியாத நிலை அது. நாடி துடிக்கிறதே, விரல் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். நாடி நிற்பதும் விரல் வெளுப்பதும் கடைசியில்தான் வரும். ரத்தம் போகாத தசை சுமார் 6 மணி நேரத்தில் சாக ஆரம்பித்துவிடும், அதன்பின் கை கொக்கிபோல் மடங்கி நின்றுவிடும். ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1881லேயே இதை எழுதி வைத்துவிட்டார், இன்னும் பிள்ளைகளுக்கு இது நடக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படி வலித்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள், ஆந்திரப் பக்கமும் தமிழ்நாட்டுப் பக்கமும் அதே எண்தான். துணி சுற்றிய கட்டு என்றால், முறிந்த இடம் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, சுற்றைத் தளர்த்துங்கள். மாவுக்கட்டை ஆஸ்பத்திரியில்தான் பிளக்க வேண்டும், அடியில் உள்ள பஞ்சும் சேர்த்துத் தோல் தெரியும்வரை. சாதாரண வீக்கத்துக்குத் தலையணை வைத்துக் கையை உயர்த்தலாம், ஆனால் இந்த வலி வந்துவிட்டால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்காதீர்கள், தொங்கவும் விடாதீர்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். போகிற வழியில் டீ, இட்லி எதுவும் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பது தள்ளிப்போகும். கட்டு போட்ட நேரம், வலி ஏற ஆரம்பித்த நேரம், கடைசி மாத்திரை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அவசரப் பிரிவில் முதலில் வருகிறவர் கையில் கொடுங்கள்.