யாழ்ப்பாணக் கரையோரக் காணியில் கட்டுவதற்கு முன்: எந்த அனுமதி, யாரிடம், எந்த ஒழுங்கில்

கடலோரமாகவோ கடல்நீரேரியின் ஓரமாகவோ காணி வைத்திருப்பவர் அங்கே வீடோ, விருந்தினர் விடுதியோ, சுற்றுமதிலோ கட்ட எண்ணினால், ஒன்றை முதலிலேயே தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். உள்ளூராட்சி சபை தரும் கட்டட அனுமதியும், கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் வெவ்வேறானவை. ஒன்று கையில் இருப்பது மற்றையதற்கு ஈடாகாது. வரைபடத்தில் சபையின் முத்திரை விழுந்துவிட்டது என்ற தைரியத்தில் அத்திவாரம் வெட்டியவர், பிறகு திணைக்களத்தின் அறிவித்தல் கிடைத்து வேலையை இடைநடுவில் நிறுத்த நேரலாம்.

ஆகவே காணி கரையோர வலயத்துக்குள் வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரும், சராசரி தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் இந்த வலயமாகும். கடலுடன் நிரந்தரமாகவோ காலத்துக்குக் காலமோ தொடுப்புள்ள நீர்நிலைகளும், அவற்றின் முகத்துவாரக் கோட்டிலிருந்து 2 கிலோமீற்றர் வரை, அதில் அடங்கும். 2011ஆம் ஆண்டின் திருத்தம், அவற்றின் ஓரமாகச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் வரையான நிலத்தையும் சேர்த்துக்கொண்டது. குடாநாட்டில் பலர் கவனியாமல் விடுவது இந்த இரண்டாவது பகுதியைத்தான். பருத்தித்துறையிலோ காங்கேசன்துறையிலோ காணி உள்ளவருக்குக் கடல் கண்முன்னே இருப்பதால் ஐயம் எழுவதில்லை. நாவாந்துறை, காக்கைதீவு, அராலி, அரியாலை, கச்சாய் போன்ற இடங்களில் இருப்பவரோ, தமக்கு முன்னால் இருப்பது கடல் அல்லவே என்று எண்ணிவிடுகிறார்.

அளவெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நமது கடல்நீரேரி ஆழமற்றது, அதன் கரை மிகவும் தட்டையானது. ஆவணி மாதத்தில் வெடித்துக் காய்ந்து கிடக்கும் தரவை என்னும் வெட்டவெளி, கார்த்திகை, மார்கழியில் முழங்காலளவு நீருக்குள் போய்விடும். கோடையில் காணி பார்த்து விலை பேசுபவர் நீர் விளிம்பு எங்கோ தொலைவில் இருப்பதாக நம்பிவிடுவார். மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, உவர்நிலத்தில் வளரும் உமரிச் செடி படர்ந்திருந்தாலோ, வேலியோரம் கண்டல் கன்றுகள் தலைகாட்டினாலோ, அந்த நிலத்துக்கு நீர் வந்துபோகிறது என்று கொள்ளலாம். கண்ணளவை நம்பாமல், பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு நீர்மட்டக் கோட்டிலிருந்தான தூரத்தையும் குறித்து ஒரு படம் வரைவித்துக்கொள்வதே சரி. காணி உறுதியில் எல்லை நீர் வரைக்கும் எழுதப்பட்டிருப்பது, அங்கே கட்டுவதற்கான உரிமையைத் தந்துவிடாது.

எந்த வேலைக்கு அனுமதி தேவை என்பதும் நாம் நினைப்பதைவிட விரிவானது. கரையோர வலயத்தின் இயல்பை மாற்றக்கூடிய எந்தச் செயலும் சட்டத்தின் கண்ணில் அபிவிருத்தி வேலைதான். கட்டடம் மட்டுமன்றி, மண் கொட்டி நிரப்புதல், அகழ்தல், கழிவை வெளியேற்றுதல், மணல், முருகைக்கல், சிப்பி, கடற்புல், இயற்கைத் தாவரம் ஆகியவற்றை அகற்றுதல் எல்லாம் அதற்குள் வரும். காட்சி மறைக்கிறது என்று கண்டல் மரங்களை வெட்டுவதும், வெறும் பற்றைதானே என்று இராவணன் மீசையையும் அடம்பன் கொடியையும் இயந்திரத்தால் வழித்தெடுப்பதும் இதில் சேரும். மீன்பிடித் தொழில் இந்த வரையறைக்குள் வராது. ஆனாலும் வள்ளங்கள் வந்துபோக வான் எனப்படும் நீர்வழியைத் தோண்டி ஆழப்படுத்துவது அகழ்வு வேலை என்பதால், கடற்றொழிலாளர் சங்கம் அதற்கு முன்னர் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலிருந்து தொடங்குவது இலகுவானது. சிறிய வேலைகளுக்கான அனுமதி அதிகாரம் பிரதேச செயலாளருக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பெரியவை திணைக்களத்துக்குப் போகும். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கட்டட வரைபடம், கழிவுநீர் எங்கே போகும் என்ற விபரம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். கட்டாமல் விடவேண்டிய இடைவெளி எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. கரையோர முகாமைத்துவத் திட்டம் கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து அதைத் தீர்மானிக்கிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் வடக்குக் கிழக்கில் அறிவிக்கப்பட்ட 200 மீற்றர்க் கணக்கை இன்றும் சிலர் சொல்லுவர். அது பின்னர் தளர்த்தப்பட்டது என்பதால், உங்கள் கரைப் பகுதிக்குரிய இடைவெளியை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அதன் பின்னரே சபையிடம் போக வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்று நகர சபைகளும், 13 பிரதேச சபைகளும் உள்ளன. கரையைக் காப்பதில் இந்தச் சபைகளின் கையில் இருக்கும் பிடி சிறியதன்று என்பது எனது கருத்து. ஏனெனில் மதிலின் நிலையையும் மலசலகூடக் குழியின் இடத்தையும் மழைநீரின் போக்கையும் வேலை தொடங்கும் முன்னரே வரைபடத்தில் பார்த்துத் திருத்தச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. நமது நிலத்தடி நன்னீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கியிருக்கிறது. குழியிலிருந்து கசிவது அயல் கிணற்றையும் கரையையும் விரைவில் எட்டிவிடும். ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடம் பார்க்க வரும்போது கசியாதபடி முற்றாக மூடிய தொட்டியைப் பற்றிப் பேசுங்கள். காணியை உயர்த்தி நிரப்பினால் வெள்ளவாய்க்கால் அடைபடுமா, மதில் எழுந்தால் மீனவர் வாடிக்கும் இறங்குதுறைக்கும் போகும் ஒழுங்கை மறைபடுமா என்பவற்றையும் முன்கூட்டியே பார்த்து வரைபடத்தில் காட்டினால், பிறகு அயலவருடன் முரண்பட வேண்டியிருக்காது. கட்டி முடிந்ததும், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழைப் பெறாமல் குடிபுகுதல் கூடாது.

மணலும் கல்லும் எங்கிருந்து வருகின்றன என்பதற்கும் கட்டுபவர் பொறுப்பாளி. மணற்காடு, வல்லிபுரம் பக்கத்து மணற்குன்றுகள் கடற்காற்றையும் அலையையும் தடுத்து நிற்பவை. மணல் கொண்டுவருபவரிடம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தையும், ஏற்றிச் செல்வதற்கான பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள். முருகைக்கல்லைக் கரையோர வலயத்தில் தோண்டுவது 1988ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் தடைசெய்யப்பட்டுள்ளது.

பெரிய விடுதி போன்ற திட்டமாயின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைத் திணைக்களம் கோரலாம். அவ்வாறு கோரப்பட்ட அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். அறிவித்தலின் பின் 30 நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதி அனுப்பலாம். “இத்திட்டம் வேண்டாம்” என்று ஒற்றை வரியில் எழுதுவதைவிட, எந்த மீன்பிடிப் பாடு, எந்த ஒழுங்கை, எத்தனை கிணறுகள் பாதிக்கப்படும் என்று இடம் சுட்டி எழுதும் கடிதத்துக்கே மறுமொழி சொல்ல வேண்டிய நிலை உண்டாகும்.

அயலில் அனுமதியின்றி வேலை நடப்பதாக ஐயம் இருந்தால், நாள் தெரியும்படி படம் எடுத்து, கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், சபைச் செயலாளர், திணைக்களம் ஆகிய நால்வருக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அனுமதி உண்டா, எந்த நிபந்தனையுடன் என்று அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்றதற்கான எழுத்துமூல ஒப்புகையை அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேன்முறையீட்டுக்கு அது தேவைப்படும்.